மாற்றம் எதுவும் இல்லை

கிளாஸுக்குச் சலவைமுறை என்று பெயர் வைத்தேன்.
ரெத்தோவின் வாய் அதை முழுதாய்ச் சொல்லாது,
'சலவா' என்று பாதியில் நின்றுவிடும்.
உள்ளே ஐந்து புலங்கள்:
நாள், தொடங்கும் மணி, முடியும் மணி,
மாடி, சாவி எண்.

ஓல்ட்டனில் எங்கள் கட்டடத்தில்
நாற்பத்தெட்டு வீடு, நிலவறையில் இரண்டே இயந்திரம்.
யார் எப்போது துவைப்பது என்பதைக்
கடதாசியிலிருந்து கைபேசிக்குக் கொண்டுவருவதாய்
நிர்வாகக் கம்பனிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

மைக்ரேஷன் ஓட விட்டேன்.
சொன்னது: மாற்றம் எதுவும் இல்லை.

தரவுத்தளத்தைத் திறந்தால்
வீடுகள் இருக்கின்றன,
குடியிருப்போர் இருக்கிறார்கள்,
தொலைந்த சாவிகளுக்குக்கூட ஓர் அட்டவணை.
சலவைமுறை மட்டும் இல்லை.
ஒரு சிவப்பு வரி விழுந்திருந்தால்
அதன் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பேன்.
திரை பச்சையாய்ப் பல்லைக் காட்டியது.

எழுத்துப்பிழை பார்த்தேன். இல்லை.
வேறு தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு
இங்கே தேடுகிறேனோ என்று பார்த்தேன்,
போன மாதம் அப்படி ஒரு முழு வெள்ளி போனது.
இல்லை, இது அதே தளம்தான்.
செயலிப் பட்டியலில் பெயர் இருந்தது.
பழைய மைக்ரேஷன்களை அழித்தேன்,
தளத்தையே அழித்தேன்,
ஒன்றிலிருந்து கட்டி எழுப்பினேன்.
எல்லாம் திரும்பி வந்தன, அது வரவில்லை.
மாற்றம் எதுவும் இல்லை
என்றது, மூன்றாம் முறையும்
அதே மரியாதையோடு.

ஜன்னலில் மூடுபனி.
ஆரே ஆறு கிடக்க வேண்டிய இடத்தில்
வெள்ளையாய் ஒன்றுமில்லை.
நவம்பர் முழுக்க இந்த ஊர் இப்படித்தான்,
ஆற்றை நம்பித்தான் பாலம் கடக்க வேண்டும்.

ரெத்தோ பேர்னிலிருந்து ரயிலில்.
'வரி வரியாய் வாசி' என்றான்.
வாசித்தேன். நாள். மணி. மணி. மாடி. சாவி.
கீழே மெட்டா என்றொரு சின்ன அறை,
தாய்க் கிளாஸிலிருந்து வெட்டி ஒட்டியது,
அதற்குள் ஒரே வரி:
அப்ஸ்ட்ராக்ட், சமன், உண்மை.

அருவம் என்பது உண்மை.

நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
இவளுக்கு உடம்பு வேண்டாம்,
இவள் பிறர் எடுத்துக்கொள்ள மட்டும் என்று.
அது சொன்னபடி கேட்டிருக்கிறது.
காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது,
திட்டியது நான்.

'ரெத்தோ, கண்டுபிடிச்சிட்டன்' என்றேன், தமிழில்.
பதில் இல்லை.
எந்த வரியில் அவன் சுரங்கத்துக்குள் போனானோ,
யாருக்கு வாசித்துக்கொண்டிருந்தேனோ.

அழித்தேன், அந்த ஒரு வரியை.
உருவானது: சலவைமுறை.
ஐந்து பத்தித் தலைப்பு, கீழே வெறுமை,
வரிகளின் எண்ணிக்கை பூஜ்யம்.
இந்த ரயில் நிலையத்தில் ஒரு கல் நிற்கிறது,
பூஜ்யம் கிலோமீட்டர், இங்கிருந்துதான்
தண்டவாளத் தூரத்தை அளக்கத் தொடங்கினார்கள் என்று.
அதன்மேல் ஒருநாள் காப்பி வைத்துக் குடித்திருக்கிறேன்.

சோதனைக்கு ஒரு வரி இட வேண்டும்.
செவ்வாய், ஏழிலிருந்து பன்னிரண்டு,
மூன்றாம் மாடி இடது,
சாவி பத்தொன்பது.
என்டர் தட்டிய பிறகுதான் உறைத்தது:
இன்றைக்குச் செவ்வாய்.
மூன்றாம் மாடி இடது நான்.
மணி இரண்டரை.

படி இறங்கி ஓடினேன்.
இயந்திரத்தில் வேறு யாருடையவோ போர்வை சுழன்றது.
என் துணி நீலப் பையில், ஈரமாய்,
கழுத்துவரை அமுக்கி.
மேலே ஒரு சீட்டு, அழகான சாய்ந்த எழுத்தில்:
'மதிப்புக்குரிய மூன்றாம் மாடி இடது,
உங்கள் நேரம் முடிந்துவிட்டது.
அன்புடன், சுர்பிரிக்கன்.'

சுவரில் ஆணியில் தொங்கும் பழைய கடதாசியைப் பார்த்தேன்.
நாற்பத்தேழு கட்டத்தில் பெயர்கள்.
ஒன்றில் மட்டும் மாடியும் திசையும்.
குடிவந்து பதினான்கு மாதம்.
பேனா நூலில் கட்டிக் கிடந்தது.
எழுதிப் பார்த்தேன், மை வரவில்லை,
சுவரில் நான்கு கிறுக்குக் கிறுக்கினேன், வந்தது.

வாகினி, இரண்டு கொம்பு, ஒரு புள்ளி
ஜெர்மன் எழுத்தில் வராது. பரவாயில்லை.

கைபேசி அதிர்ந்தது.
'சலவா அட்டவணை வந்ததா?'
ஒரு கையில் ஈரக் காலுறை,
ஒற்றையாய். மற்றது எங்கே?
'வந்தது' என்று அனுப்பினேன்.